செல்ஃபை அடி, செல்ஃப் அடி

எனக்குக் கல்யாணச் சீராக வந்தது ஒரு கார். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்த கார் அது. என் அப்பா கம்பத்தில் ஜீப் பட்டறை வைத்திருந்தவர். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள்தாம் எங்களுக்குச் சோறு போட்டன. வயதாகி அவர் பட்டறையைக் காலி செய்தபோது, மூலையில் கிடந்த பழைய வெள்ளை அம்பாசிடரை மட்டும் யாரும் சீந்தவில்லை. "ஓடாத வண்டியச் சீராக் குடுத்தவன் இந்தப் பக்கத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே அதை என்னோடு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "எங்கன நிப்பாட்டுறது?" என்று மட்டும் கேட்டார்கள். முருங்கை மரத்தடியில் நிப்பாட்டினோம். மறுநாளே பின் சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டது.

மாப்பிள்ளை உத்தமபாளையம் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வாத்தியார். முதல் மனைவி காய்ச்சலில் தவறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள். நான் நாற்பதைத் தொடப்போகிற வயதில், இனிமேல் இவளுக்கு எங்கே என்று சொந்தபந்தமெல்லாம் கைகழுவிய பிறகு, மாதா கோயிலில் சாமியார் முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனவள்.

தேனியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருவது என் வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். "கிளச்சு! கிளச்சு! கால வீட்லயே வச்சிட்டு வந்துட்டீகளா?" என்று நான் போடும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அங்கே எனக்கு 'மிஸ்' என்று பெயர். கம்பத்தில் பட்டறைத் தெரு முழுக்க எனக்கு 'அக்கா' என்று பெயர். வீட்டுக்கு வந்தால் பெயரே கிடையாது.

அதாவது, மகள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சண்டை கிடையாது, முறைப்பு கிடையாது. தங்கமான பிள்ளை. ஆனால் கூப்பிட மாட்டாள். தமிழில் இதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சாப்பிட்டாச்சா?" என்பாள். யார் சாப்பிட்டது? அதில் இருக்காது. "கிளம்பியாச்சா?" "டீ போட்டிருக்கு." "அப்பா கூப்பிடுறாக." நீயும் வராது, நீங்களும் வராது. எதிரே மலைமாதிரி ஒருத்தி நிற்கிறாள், அவளுக்கு எழுவாயே இல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி.

வாத்தியாரிடம் புலம்பினேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அவ அவுக அம்மாவ நீ, வா, போன்னுதான் பேசுவா. எங்க வீட்ல அம்மான்னா 'நீ'தான். மரியாதையெல்லாம் வெளியாளுகளுக்கு. உன்னைய எதுல சேக்குறதுன்னு தெரியாம முழிக்கிறா. விடு, தானா வரும்."

நான் விடுகிற ஆளா? எனக்கு ஒன்று வேண்டுமென்றால் வேண்டும்தான். 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. அது மாதா படத்துக்குப் பக்கத்தில் போட்டோவில் சிரித்த முகமாக இருக்கிறாளே, அவளைப் பெற்றவள், அந்த மகராசியுடைய சொல். அதில் கை வைக்கிற அளவுக்கு நான் பேராசைக்காரி இல்லை. என்னைப் பார்த்து, எனக்கென்று ஒரு சத்தம் வேண்டும். அது 'ஏய்' என்றிருந்தாலும் சரி. அந்த வீட்டில் நான் அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அவள் வீட்டில் சும்மா இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு நான் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது ஓடுமா?"

"ஓட வைக்க ஆளு இருந்தா ஓடும்."

"காலேஜ்ல சேரப் போறன்னைக்கு இதுலயே போகலாமா?"

"கையெல்லாம் அழுக்காகும், ஆத்தா."

"பரவால்ல" என்று சுடிதார் கையை மேலே சுருட்டினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தோம். முதலில் கோழியை இடம் மாற்றினோம். அது எங்களை மன்னிக்கவே இல்லை. ஏர் ஃபில்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு பழைய குண்டானில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டோம். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அவள் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள். முதல் குழியில் இருப்பது முதலில் கழற்றியது, கடைசிக் குழியில் இருப்பது கடைசியில் கழற்றியது. என் அப்பாவின் பட்டறையில் இப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததே இல்லை. அங்கே எல்லாமே ஒரே தகர டப்பாவில் கிடக்கும், வேண்டியது மட்டும் கடைசிவரை கிடைக்காது. வாத்தியார் சாயங்காலம் அடுப்படியில் தட்டைத் தேடிவிட்டு வெளியே வந்து பார்த்தார். "இன்னைக்கு இட்லிக்குக் கிரீஸுதான் சட்னியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். மேலே அவள் துருப்பிடித்த ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பானர் வழுக்கிவிட்டது.

"யம்மா!"

"ஏ, என்னடி ஆச்சு?" என்று நான் எழுந்த வேகத்தில் சைலன்சரில் நெற்றி இடித்தது. ஊர்ந்து வெளியே வந்து பார்த்தால், அவள் விரல் முட்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறாள்.

"கூப்பிடல" என்றாள். "வலிச்சுச்சு."

அடி பட்டால் எல்லாரும் 'அம்மா' என்றுதான் கத்துவோம். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் என் வாய் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. அவமானமாக இருந்தது. நெற்றியில் ஒரு புடைப்பு வேறு. அவள் உள்ளே ஓடிப்போய் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, என் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். யாருக்கு என்று அதிலும் இல்லை.

அடுத்து வந்தது செல்ஃப். ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் எங்கள் பக்கம் செல்ஃப் என்போம். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பச் சொல்ல வேண்டுமென்றால் 'செல்ஃப் அடி' என்போம். பழைய வண்டிகளில் அந்த மோட்டார் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அப்போது சுத்தியலால் அதன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

அன்றைக்கு 'டக்'தான் வந்தது. நான் ஒரு கையில் துணியை வைத்துக்கொண்டு ஃபேன் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். சுத்தியலை அவளிடம் நீட்டி, "செல்ஃப அடி" என்றேன்.

அவள் சுத்தியலை வாங்கினாள். ஒழுங்காக அதைக் கீழே வைத்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

ஒரு மாதமாகச் செத்தவன் போலக் கிடந்த செல்ஃபுக்கு அந்த நேரம் பார்த்தா ரோசம் வர வேண்டும்? எஞ்சின் ஃபேன் சுற்றிவிட்டது. என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டது. கையை நான் எப்படி உருவினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்து நான் போட்ட சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்காயெல்லாம் கிளம்பிப் போயின. "கூறுகெட்ட சிறுக்கி, என் கை போயிருக்குமேடி! உன்னைய என்ன செய்யச் சொன்னேன், நீ என்ன செஞ்சு வச்சிருக்க?"

"செல்ஃப் அடின்னு சொன்னதாலதான அடிச்சேன்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. அந்த ரோசம் எனக்குப் பிடித்திருந்தது. கோபத்துக்கு நடுவிலும் பிடித்திருந்தது.

சத்தம் கேட்டு வந்த வாத்தியார் விசாரித்தார். பிறகு, நான் என்ன பாடுபட்டு நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், முகமெல்லாம் பூரிப்பாக வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "நீ சொன்னது 'செல்ஃபை அடி'. அவ கேட்டது 'செல்ஃப் அடி'. நடுவுல ஒரு 'ஐ'தான் வித்தியாசம். இரண்டாம் வேற்றுமை உருபு. பேச்சுல அது தேஞ்சு போச்சு. இத்தனை வருசமா பிள்ளைகளுக்கு இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைக்காம இருந்தேன்!"

"ஐ போனதுல என் கை போயிருக்கும். உங்களுக்கு உதாரணமா?" என்று நான் சீற, மகள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் விதி என்றால் விதி. என் அப்பா பட்டறையில் இருந்த விதியை அன்றே அவளுக்குச் சொன்னேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால், பானெட்டுக்குள் இருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் 'கை வெளியே' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் சாவி. "கூப்பிடாம யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. சரியா?" என்றேன். சத்தியமாகப் பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அடடே, இனிமேல் இவள் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி சோறு ஒரு கரண்டி கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் பானெட்டுக்குள் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் முன் சீட்டில். சீட்டு ஸ்பிரிங் கிரீச்சிட்டது. பிறகு, 'பாம்'.

ஹாரன்!

கள்ளி. ஹாரன் அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் என்ன செய்ய? "கை வெளியே" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அன்றிலிருந்து அதுதான் வழக்கமாகிப் போனது. எதிர்வீட்டுக்காரர்கூட, "உங்க மக ஹாரன் அடிச்சா நீங்க ஏம்மா 'கை வெளியே, கை வெளியே'ன்னு கத்துறீக?" என்று கேட்டார்.

அப்படி ஒரு 'பாம்', ஒரு 'கை வெளியே'க்குப் பிறகுதான் ஒரு காலைவேளையில் எஞ்சின் உயிர் பெற்றது. இருமியது, குலுங்கியது, நீலமாகப் புகை கக்கியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. கோழி வேலி தாண்டிப் பறந்தது. அவள் கதவைத் திறந்து குதித்து ஓடிவந்து, கிரீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் நைட்டியின் முதுகில் அவளுடைய பத்து விரலும் பதிந்துவிட்டன. அந்த நைட்டியை நான் சோப்புப் போட்டுத் துவைத்ததே இல்லை, தண்ணீரில் அலசுவதோடு சரி.

கட்டிப்பிடித்தாளே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அதற்குப் பிறகுதான் ஆசை இன்னும் அதிகமானது. மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பே போய் ஹாரன் ஒயரை உருவிவிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்து ஹாரனை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். நான் பானெட்டுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கதவு திறந்தது. இறங்கி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, என் கையை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பப் போய் ஏறினாள். செல்ஃப் அடித்தாள். அட என் சாமி, இந்தப் பிடிவாதத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, அவள் காரின் முன்னால் டெஸ்ட் பல்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பல்பில் இரண்டு ஒயர் கோத்து, எதுவரை கரண்ட் வருகிறது என்று பார்க்க நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஃப்யூஸிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு, ஒயர் விட்டுப்போன இடத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். யாருடைய உதவியும் இல்லாமல் அவள் கண்டுபிடித்த முதல் கோளாறு அது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாட்டிக்கொண்டோம் என்பதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது.

"இது தானா கழறல" என்றாள். ஒயர் நுனியைத் தூக்கிக் காட்டினாள். "எதுக்குக் கழட்டுனீக?"

கவனியுங்கள். 'கழட்டுனீக.' ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வினைச்சொல்லுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. அந்த 'ஈக' என் காதில் தேனாகப் பாய்ந்தது. பிடிபட்ட திருடி பேச்சை மாற்றவும் முடியாது.

"நீ என்னைய ஏதாவது சொல்லிக் கூப்பிடுவன்னுதான். வேற எதுக்கு?" என்றேன். "ஒரு வருசமாக் காத்துக் கிடக்கேன்டி."

அவள் ஒயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மான்னு என்னால சொல்ல முடியாது."

"யாரு சொல்லச் சொன்னா? அது அவுகளுக்கு உள்ளது."

"சித்தின்னா டிவில வர்ற வில்லி மாதிரி இருக்கு. ஆன்ட்டின்னா பக்கத்து வீட்டு ஆளு மாதிரி இருக்கு. எனக்கு எதுவும் சரியா வர மாட்டேங்குது. யோசிக்காம இருந்தேன்னு நினைக்காதீக."

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குப் பெரிய சேதி. "சரி, ஒயர மாட்டு" என்றேன். மாட்டினாள். 'பாம்' என்று ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். 'கை வெளியே' என்றேன். அதன் பிறகு வீட்டில் "சாப்பிட்டீகளா", "கிளம்பிட்டீகளா" எல்லாம் தாராளமாக வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வீட்டில் மரியாதை யாருக்கு என்று வாத்தியார் சொன்னது மனதின் ஓரத்தில் கிடந்து குத்தியது. வெளியாள் பட்டியலில் ஒரு நல்ல நாற்காலியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

காலேஜில் சேரும் நாள் வந்தது. தேனிக்குப் போக வேண்டும். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். அவளுக்கு லைசென்ஸ் எடுக்க வயதாகவில்லை. முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின் சீட்டில் வாத்தியார், மடியில் சர்டிபிகேட் ஃபைல். பைபாஸில் போயிருக்கலாம். "சின்னமனூர் ஊருக்குள்ள போவோம். என் ஃப்ரெண்டுக பாக்கட்டும்" என்றாள். எனக்கும் அதே ஆசை இருந்ததால் உடனே வளைத்துவிட்டேன்.

கடைவீதியில் நெரிசல். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி. மெல்ல நகர்த்தும்போது கிளச்சைப் பட்டென்று விட்டு வண்டியை ஆஃப் செய்தது யார்? ஊருக்கெல்லாம் கிளச் சொல்லித்தருகிற நான்தான்.

"கால வீட்லயே வச்சிட்டு வந்துட்டீகளா?" என்றாள் பக்கத்திலிருந்து. வாத்தியார் பின்னால் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

சாவியைத் திருப்பினேன். 'டக்.' மறுபடியும் 'டக்.' செல்ஃப் சிக்கிவிட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் நகர்ந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் லாரி, அதற்குப் பின்னால் பஸ், எல்லாரும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எங்கள் 'பாம்' எது, ஊரான் 'பாம்' எது என்று யாருக்குத் தெரியும்?

பானெட்டைத் தூக்கி ஒரு கையை ஊன்றிக்கொண்டு உள்ளே குனிந்தேன். லாரி டிரைவர் இறங்கி வந்து, உதவுகிறேன் பேர்வழி என்று என் தலைக்கு மேலே நின்று கத்தினார்: "செல்ஃப அடிங்கம்மா! செல்ஃப அடி! செல்ஃப அடி!"

அவர் என்னைத் தட்டச் சொல்கிறார். ஆனால் சாவி அவள் கையில் இருக்கிறது. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அந்த 'ஐ' தேய்ந்துதான் கிடந்தது. கையை எடுக்கலாம் என்றால் வளையல் எதிலோ மாட்டிக்கொண்டது.

அப்போது ஹாரன்களையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏ! நான் அடிக்க மாட்டேன்! முந்தானை ஃபேன்ல கிடக்கு பாரு! முதல்ல அத எடு! கைய எடு! நீ கைய எடுத்தாத்தான் நான் சாவியத் தொடுவேன்!"

குனிந்து பார்த்தேன். பட்டு முந்தானை தோளிலிருந்து நழுவி, ஃபேன் இறக்கைமேல் அழகாக விரிந்து கிடந்தது. வளையலை விடுவித்துக்கொண்டேன். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டினேன். இதையெல்லாம் கை தானாகச் செய்தது. என் புத்தி அங்கே இல்லை. பாரு. எடு. நீ. என் காதில் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லாரி டிரைவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அவளைக் கண்டித்தார். "ஏம் பாப்பா, படிக்கிற பிள்ளதான நீ? பெத்த தாயப் போயி நடு ரோட்டுல நீ, எடுன்னு பேசுற? கொஞ்சம் மரியாதையாச் சொன்னா என்ன?"

பின் சீட்டில் ஃபைல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், விலை கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்க வீட்ல அம்மாவ நீன்னுதாண்ணே சொல்லுவோம்."

சொல்லிவிட்டுச் சாவியில் கையை வைத்துக் காத்திருந்தாள். கூப்பிட்டால் பதில் வர வேண்டும், அதுதான் பட்டறை விதி. கண்ணிலிருந்து வழிந்ததைக் கிரீஸ் கையால் துடைத்து முகத்தையும் நாசமாக்கிக்கொண்டேன். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கடைவீதிக்கே கேட்கும்படி கத்தினேன்.

"கை வெளியே!"

அவள் செல்ஃப் அடித்தாள்.